ஒரே இரவு, மூன்று காலங்கள்: அயர்லாந்துத் தொன்மத்தில் ஒரு காலப்பயண நாவல் கட்டிய பதிவு

பதின்ம வயது வாசகர்களுக்கான காலப்பயண நாவல் இது. களம் அயர்லாந்து, அடித்தளம் அந்நாட்டுத் தொன்மம், மொழி தமிழ். பதினைந்து வயது இரட்டையர், அக்காளும் தம்பியும், 2020இல் ஒரு குகைக்குள் போகிறார்கள், உருளைக்கிழங்குப் பஞ்ச ஆண்டான 1847இலும் தொன்ம அரசி மேவின் காலத்திலும் வெளியே வருகிறார்கள். கதைச்சுருக்கம் இவ்வளவுதான். இந்தப் பதிவு கதையைப் பற்றியதல்ல. கதவு எங்கே, கடிகாரம் எப்படி ஓடுகிறது, யார் எப்போது எங்கே நிற்கிறார்கள் என்ற இயந்திர வேலையைப் பற்றியது. அந்த இயந்திரம் மூன்றாம் வரைவில்தான் உடையாமல் ஓடியது. இத்தகைய நாவலை எழுத நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எல்லா அளவுகளையும் இங்கே வைக்கிறேன்.

முதல் கதவு: நியூகிரேஞ்ச்

அயர்லாந்து, காலம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் முதலில் நினைவுக்கு வருவது நியூகிரேஞ்ச். பாய்ன் ஆற்றங்கரையில் கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு. உள்ளே 19 மீட்டர் நீளக் கல்நடை. வாசலுக்கு மேலே ஒரு சாளரப் பெட்டி. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில் உதயத்துக்கு நான்கு நிமிடம் கழித்து ஒளி உள்ளே வந்து, 17 நிமிடம் தங்கிப் போகும். தொன்மத்திலும் இதற்குக் காலக்கதை உண்டு. டாக்டா என்ற தெய்வம் சூரியனை ஒன்பது மாதம் அசையவிடாமல் நிறுத்தி, தன் மகன் ஏங்கஸ் கருவானதும் பிறந்ததும் ஒரே நாளில் நடக்கும்படி செய்தது இந்த மேட்டில்தான். 17 நிமிடக் கதவு, சூரியனை நிறுத்திய கடவுள். வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

முதல் வரைவின் ஒன்பது அத்தியாயங்கள் இதன் மேல் நின்றன. பிறகு ஆண்டு வாரியாகச் சோதித்தபோது ஒவ்வொன்றாக விழுந்தன.

சாளரப் பெட்டி 1960களின் அகழாய்வில்தான் முழுமையாக வெளிப்பட்டது. அதன் வழியே ஒளி வருவதைப் பேராசிரியர் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்றுதான் உள்ளிருந்து பார்த்தார். 1847இல் அந்த வழி மண்ணும் கல்லுமாக மூடிக் கிடந்தது. ஒளியே கதவு என்றால், 1847க்குக் கதவு கிடையாது. இன்னும் பின்னே போனால் நிலைமை மோசம். சாலை போடக் கல் எடுத்தவர்கள் 1699இல் கண்டுபிடிக்கும்வரை வாசலே மறைந்திருந்தது. இன்று படங்களில் பார்க்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் சுவர் 1970களில் எழுப்பியது. அதற்கு முந்தைய எந்த ஆண்டுக்குப் போனாலும் கண்ணில் படுவது புல்லும் மரமும் மண்டிய குன்றுதான். நிகழ்காலத்திலும் சிக்கல். அந்தக் காலை உள்ளே நிற்கச் சீட்டுக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். கதை தொடங்கும் 2020இல் பெருந்தொற்றால் யாரையும் விடவில்லை, இணையத்தில் நேரலை மட்டும்தான்.

இதிலிருந்து கிடைத்த வேலைமுறை இது: கதவாக ஓர் இடத்தை எடுக்கும்முன், கதைக்குத் தேவையான ஒவ்வோர் ஆண்டிலும் அந்த இடம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஓர் ஆண்டுக்கு வரி எழுத முடியவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள், அல்லது ஆண்டை மாற்றுங்கள். மந்திரம் சொல்லி ஒட்டினால் பதினான்கு வயது வாசகர் அந்த ஒட்டைத்தான் முதலில் சுரண்டுவார்.

இரண்டாவது கதவு: ஓவன்னகாட் குகை

ராஸ்காமன் மாவட்டத்தில் டல்ஸ்க் ஊருக்கு வடமேற்கே ராத்க்ரோகன் என்ற தொல்நிலம் இருக்கிறது. பழங்கதைகளில் இதுதான் மேவ் அரசியின் தலைநகரான க்ரூகன். நடுவே உள்ள பெரிய மேடு ஏறக்குறைய 90 மீட்டர் விட்டம். அதைச் சுற்றி 360 மீட்டர் விட்டத்தில் ஒரு பழைய அகழி மண்ணுக்குள் இருப்பதை நிலத்தடி ஆய்வு காட்டியது. அருகே ஒரு வயலோரத்தில், குனிந்து தவழ்ந்து நுழையும் அளவில் ஓவன்னகாட் குகை. முதலில் கல் அடுக்கிய செயற்கைச் சுரங்கம், அதன் பின் சுமார் 37 மீட்டர் நீள இயற்கைச் சுண்ணாம்புப் பிளவு.

இந்த இடத்தின் மேன்மை இதன் சொந்தக் கதையில் இருக்கிறது. ‘சாவின்’ (Samhain) என்ற பழைய ஐரிஷ் விழாவின் இரவில், அதாவது அக்டோபர் 31 மாலை தொடங்கி நவம்பர் 1 விடியும்வரை, ஷீ என்னும் மறுவுலகத்தின் வாசல்கள் திறக்கும். நேரா என்ற வீரன் அப்படியொரு இரவில் ஒரு படையைப் பின்தொடர்ந்து இதே குகைக்குள் போகிறான். போகுமுன் க்ரூகன் கோட்டை எரிந்து கிடப்பதைப் பார்க்கிறான். உள்ளே வீடு, மனைவி எல்லாம் அமைகின்றன. அந்தப் பெண்தான் சொல்கிறாள்: நீ பார்த்த தீ இன்னும் நடக்கவில்லை, எச்சரிக்காவிட்டால் நடக்கும், நீ திரும்பும்போது உன் ஆட்கள் இன்னும் அதே கொப்பரையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். மெய்ப்பிக்க என்ன கொண்டுபோவது? காட்டுப்பூண்டு, பிரிம்ரோஸ், பொன்னிறப் பன்னம். குளிர்காலத் தொடக்கத்தில் கோடைத் தாவரங்கள்! எதிர்காலத்தைப் பார்த்தல், எச்சரிக்கையால் அதை மாற்றுதல், நேர வேறுபாடு, சான்றுப்பொருள் என்று காலப்பயணக் கதைக்கு வேண்டிய நான்கு உறுப்புகளும் ஓர் இடைக்காலக் கதைக்குள் தயாராக இருக்கின்றன. இதை விட்டுவிட்டு நாமாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஆண்டு வாரிச் சோதனையில் குகை தேறியது. தேறியதோடு ஓர் அளவுகோலையும் கொடுத்தது. சுரங்கத்தின் மேற்கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் கோட்டெழுத்து இருக்கிறது: ‘வ்ராய்க்கி மாகி மெத்வ்வி’, அதாவது மேவின் மகன் ஃப்ரேக்குடையது. ஓகம் கல்வெட்டுகள் பெரும்பாலும் 4 முதல் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தக் கல்லைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக் கூரையாகப் பயன்படுத்தினார்கள். மரபு மேவை வைப்பதோ முதல் நூற்றாண்டை ஒட்டி. ஆகவே மேவின் காலத்தில் வெளியே வந்தால் தலைக்கு மேல் அந்தக் கல் இருக்கக் கூடாது. சுரங்கமே இருக்கக் கூடாது, வெறும் பாறைப் பிளவு மட்டும்தான். நாயகி இருட்டில் கையை உயர்த்தித் தடவுகிறாள். வெட்டுகள் விரலில் பட்டால் இந்தப் பக்கம், வெறும் பாறை பட்டால் வெகு தொலைவு. ஆண்டைச் சொல்ல நாளிதழோ நாட்காட்டியோ தேவைப்படவில்லை. நாவலின் மிக உறுதியான இணைப்பு இதுதான். இடத்தை ஒழுங்காகப் படித்ததற்குக் கிடைத்த கூலி.

கடிகாரங்கள் ஒன்றோடொன்று மோதின

அயர்லாந்துத் தொன்மத்தில் எடுப்பவர் கைக்கு ஒரு கடிகாரம் கிடைக்கும். ஓஷீன் என்ற வீரன் நீவ் என்ற மறுவுலகப் பெண்ணோடு டீர் ந நோக் என்ற இளமை நாட்டுக்குப் போய் மூன்று ஆண்டு இருந்ததாக நினைக்கிறான், வெளியே 300 ஆண்டு ஓடிவிடுகிறது. ஒன்றுக்கு நூறு. நேராவின் கதையில் நேர்மாறு: உள்ளே நாட்கள், வெளியே ஒன்றுமே இல்லை. ப்ரானின் கடற்பயணத்தில் ஓராண்டு என்று நினைத்தது பல நூற்றாண்டு, திரும்பி வந்து கரையில் குதித்த அவன் தோழன் நெக்டன் உடனே சாம்பலாகிறான். லீரின் பிள்ளைகள் அன்ன வடிவில் 900 ஆண்டைக் காத்துக் கழிக்கிறார்கள். அங்கே தாவலே கிடையாது.

இரண்டாம் வரைவு இவற்றைக் காட்சிக்குக் காட்சி மாற்றிப் பயன்படுத்தியது. ஒவ்வொரு காட்சியும் தனியாக அழகாக இருந்தது. ஏ3 கட்டத்தாளில் கிடைமட்டத்தில் வெளியுலகத் தேதியும் செங்குத்தில் கைக்கடிகார நேரமும் போட்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கோடு இழுத்தபோது தம்பியின் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டது. ஒரே ஆள், ஒரே தேதி, இரண்டு இடம். நாவலில் அப்படியொரு இரட்டைத்தோற்றம் திட்டமிடப்படவில்லை. அது கணக்குப் பிழை.

அடிப்படையான இன்னொரு உண்மையும் அந்தத் தாளில் தெரிந்தது. ஓஷீன் கடிகாரம் முன்னோக்கி மட்டுமே தள்ளும். நேரா கடிகாரம் நிறுத்தும், எதிர்காலத்தைக் காட்டவும் செய்யும். இரண்டும் யாரையும் கடந்த காலத்துக்குக் கொண்டுபோவதில்லை. பின்னோக்கிப் போக ஒரு விதியை நாவலாசிரியர்தான் சேர்த்தாக வேண்டும். அதை ஒளிக்காமல் முன்பக்கங்களிலேயே வைப்பது நல்லது. சேர்த்த விதி: எல்லாச் சாவின் இரவுகளும் ஒரே இரவு. குகை அவற்றை இணைக்கும் நடை, அதாவது இடைவழி. 2020இல் நுழைந்து 1847இல் வெளிவரலாம், ஆனால் இரவின் மணிகள் எல்லாக் காலத்துக்கும் பொது. அங்கே ஐந்தரை மணி நேரம் செலவழித்தால் இங்கேயும் ஐந்தரை மணி நேரம் கழிந்திருக்கும்.

இந்த ஒரு விதி நாவலை இறுக்கிவிட்டது. ராத்க்ரோகனில் அக்டோபர் 31 சூரிய மறைவு மாலை 5 மணி அளவில், மறுநாள் உதயம் காலை ஏழரைக்குச் சற்றுப் பின். மொத்தம் சுமார் 14½ மணி நேரம். நாவல் முழுவதுக்கும் கைவசம் உள்ள நேரம் அவ்வளவுதான். இறுதிப் பங்கீடு இப்படி அமைந்தது: குகைக்குள் நுழைவது இரவு 7.10. 1847இல் 7.40 முதல் 1.10 வரை. மேவின் காலத்தில் 1.10 முதல் 4.40 வரை. நடைக்குள் தேடல், வாக்குவாதம், பிரிவு எல்லாம் சேர்த்து 6.50 வரை. விடியலுக்கு ஏறக்குறைய 45 நிமிடம் மிச்சம். கடைசி ஆறு அத்தியாயங்களில் வாசகர் மணியைப் பார்த்துக்கொண்டே படிப்பதற்கு இந்த மிச்சம்தான் காரணம். இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்திருந்த பதிப்பில் பதற்றமே ஏறவில்லை.

ஓஷீனின் ஒன்றுக்கு நூறை முழுக்கத் தள்ளிவிடவும் மனமில்லை. அந்தக் கதையின் வலி அங்கேதான் இருக்கிறது. அதை உணவோடு கட்டினோம்: நடைக்குள் எதையும் உண்ணாதவருக்குப் பொது இரவு, உண்டவருக்கு ஓஷீன் கடிகாரம். கான்லாவின் கதையில் மறுவுலக ஆப்பிள் ஒன்றையே ஒரு மாதம் தின்று, தின்னத் தின்னக் குறையாமல், வேறெதிலும் மனம் ஒட்டாமல் போகிறான். ஆகவே ஆப்பிள்.

உடனே புதிய மோதல். தம்பி நடைக்குள் உண்டுவிட்டு ஆறு மணி நேரம் இருந்தால் வெளியே 600 மணி, அதாவது 25 நாள். நவம்பர் 25 அன்று வெளியே வர வேண்டும். ஆனால் கதவு சாவின் இரவில் மட்டும்தானே திறக்கும்? மூன்று நாள் இருந்தால் 300 நாள். 2021 ஆகஸ்ட் 27. அன்றும் கதவு மூடியே இருக்கும். இரண்டு விதிகளும் தனித்தனியே சரி, சேர்த்தால் பூட்டிக்கொள்கின்றன.

‘அவனுக்கு மட்டும் கதவு திறந்தது’ என்று ஒரு விதிவிலக்கைச் செருகிப் பார்த்தோம். வாசித்த பிள்ளைகள் ‘அப்படியென்றால் அவளுக்கும் திறக்கலாமே’ என்றார்கள், அதோடு அது தீர்ந்தது. சரியான பழுதுநீக்கம் விதிகளைப் பற்சக்கரம்போலக் கோப்பது: உண்டவர் வெளியே இழக்கும் நேரம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அடுத்த சாவினுக்கு ஏற்றி முழுமையாக்கு. 365 நாளை நூறால் வகுத்தால் 87.6 மணி. உண்டபின் உள்ளே 87.6 மணிக்குள் எவ்வளவு இருந்தாலும் இழப்பு சரியாக ஓராண்டு. அதைத் தாண்டினால் இரண்டு. ஒரு கடி ஆப்பிள், ஓர் ஆண்டு. விதி ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஆறு அத்தியாய விளக்கங்களை வெட்ட முடிந்தது.

அதைவிடப் பெரிய ஆதாயம் எதிர்பாராதது. இரட்டையரில் ஒருத்தி 2020 நவம்பர் 1 காலை வெளியே வருகிறாள். மற்றவன் 2021 அக்டோபர் 31 மாலை. உடலால் அவன் இன்னும் பதினைந்து, அவள் பதினாறு. இனி அவர்கள் இரட்டையர் இல்லை. சாம்பலாகும் நெக்டனைவிட இந்தச் சிறிய இழப்பு இந்த வயது வாசகரை ஆழமாகத் தொட்டது. இதை யாரும் திட்டமிடவில்லை. முழுமையாக்கும் விதியிலிருந்து தானாக வந்தது.

நிலா

முதல் வரைவில் எல்லாச் சாவினிலும் முழுநிலா. இது பலரும் செய்வது, ஆனால் சரிபார்ப்பது மிக எளிது. 1847 அக்டோபர் 9 அன்று சூரிய கிரகணம், ஆகவே அமாவாசை. அதிலிருந்து 22 நாள் எண்ணினால் அக்டோபர் 31 தேய்பிறை அஷ்டமி. பாதி நிலா இரவு 11 மணியை ஒட்டித்தான் எழும். அதுவரை கும்மிருட்டு. இதனால் 1847 பகுதியின் முதல் மூன்று மணி நேரத்தில் முகங்களே தெரியாமல் குரல்களாலும் கணப்பின் வெளிச்சத்தாலும் எழுத வேண்டியதாயிற்று, பகுதி மேம்பட்டது.

நிகழ்கால ஆண்டு 2020 ஆனதும் நிலாவால்தான். அந்த அக்டோபர் 31 பௌர்ணமி, சனிக்கிழமை. ஆனால் அந்த ஆண்டோடு அதன் பாரமும் வருகிறது. அக்டோபர் 21 நள்ளிரவு முதல் அயர்லாந்தில் ஐந்தாம் நிலைப் பெருந்தொற்றுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சிக்குக்கூட வீட்டிலிருந்து 5 கி.மீ. தாண்டக் கூடாது. குகையிலிருந்து 5 கி.மீ.க்குள் வீட்டை வைத்தோம். ஊர் அடங்கியிருந்ததால் இரவில் சாலையில் யாரும் பார்க்கவில்லை என்பதும் இயல்பாக அமைந்தது. மேவின் காலத்துக்கு ஆண்டு எண் கிடையாது, அதனால் அங்கே அமாவாசையை விருப்பப்படி வைத்துக்கொண்டோம்.

1741க்கும் ஒரு நிறுத்தம் இருந்தது. அதை எடுத்துவிட்டோம். காரணம் நாட்காட்டி. அயர்லாந்து 1752இல் தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது, செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. 1741இன் அக்டோபர் 31 நம் கணக்கில் நவம்பர் 11. கதவு எதைப் பின்பற்றும்? ‘அந்தக் காலத்து மக்கள் சாவின் என்று கொண்டாடிய இரவையே’ என்று விதி வைத்தால் தீரும். ஆனால் பதினோரு நாளில் இரவின் நீளம் அரை மணிக்கு மேல் மாறுகிறது, பொது இரவுக் கணக்கு நொண்டுகிறது. ஒரு நிறுத்தத்துக்காக இவ்வளவு விளக்கம் செலவிடத் தகாது.

மணி சொல்லும் பாத்திரங்களிடமும் கவனம் வேண்டும். 1880இல் தான் டப்ளின் நேரம் நாடு முழுவதுக்கும் சட்டமானது, அது கிரீனிச்சுக்கு 25 நிமிடம் 21 வினாடி பின்னே. கிரீனிச் நேரம் 1916 அக்டோபர் 1 அன்று வந்தது. 1847இல் ஊருக்கு ஊர் சொந்த நேரம். டல்ஸ்க் பகுதியின் தீர்க்கரேகைப்படி அது கிரீனிச்சுக்கு ஏறக்குறைய 33 நிமிடம் பின்னே. நாயகியின் கைபேசி 9.33 காட்டும்போது அங்குள்ள கடிகாரம் ஒன்பது அடிக்கும். கதவு சூரியனைப் பார்ப்பதால் ஆபத்தில்லை. ஆனால் மேலே கொடுத்த பங்கீட்டு நேரங்கள் எல்லாம் கைபேசி நேரம் என்று முடிவு செய்து, 1847 ஆட்கள் சொல்லும் மணியை எல்லாம் திருத்த வேண்டியிருந்தது.

1847: செய்யக்கூடாதவை

இந்தப் பஞ்ச ஆண்டைத் தேர்ந்தது ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற பக்கத்து ஊருக்காக. அங்குள்ள எஸ்டேட்டிலிருந்து 1847 மே மாதம் 1,490 பேர் டப்ளின்வரை நடந்து, பின் கப்பலேறினார்கள். நிலக்கிழார் டெனிஸ் மஹோன் நவம்பர் 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சாவினுக்கு மறுநாளுக்கும் மறுநாள். குகையிலிருந்து ஊர் சுமார் 15 கி.மீ. இருட்டில், சேற்றுச் சாலையில் மணிக்கு 3 கி.மீ. வைத்தால் போய்வரப் பத்து மணி நேரம். பங்கீட்டில் இருப்பது ஐந்தரை. எவ்வளவு ஆசைப்பட்டாலும் பொருந்தாது. கொலை நடக்கும்போது கதவு மூடியிருக்கும்.

அதனால் காட்சியைக் குகையிலிருந்து 3 கி.மீ. தொலைவில் ஒரு குடிசைக்கு மாற்றினோம். மேயில் போனவர்களிடமிருந்து சொல் வரவில்லை என்ற பேச்சு மட்டும் அங்கே நடக்கிறது. நாயகிக்குப் பள்ளிப்பாடத்தில் நவம்பர் 2 தெரியும். தெரிந்தும் நிற்க முடியாது. போய்ப் பார்ப்பதைவிட இது கனமாக வந்தது.

இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியவை சில. அந்த இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு எங்கும் அழுகிக் கிடந்தது என்று எழுதக் கூடாது. 1847இல் அழுகல் குறைவு, விதைக்கிழங்கு இல்லாததால் பயிரிட்டதே சொற்பம். அரசுக் கஞ்சித்தொட்டிகளும் அதற்குள் மூடப்பட்டுவிட்டன. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் இல்லை என்ற சட்டம் அந்தக் கோடையில் வந்தது. நிலத்தை விடுவதா, பசியோடு இருப்பதா என்பதுதான் குடிசைக்குள் நடக்கும் வாக்குவாதம். உணவு என்றால் சோளமாவுக் கஞ்சி, டர்னிப். இரட்டையர் பையிலிருந்த சாக்லேட்டால் ஒரு குடும்பம் பிழைப்பதாக இரண்டாம் வரைவில் இருந்தது. பஞ்சத்தில் செத்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு அது. நீக்கிவிட்டோம்.

மொழிக்குத் தீர்வு எளிது: 1847 ராஸ்காமனில் ஐரிஷும் ஆங்கிலமும் இரண்டும் உண்டு. மேவின் காலத்தில் பேச்சே சாத்தியமில்லை. மேற்கல்லில் இருக்கும் ‘மாகி’தான் இன்றைய ‘மாக்’. பள்ளியில் படித்த ஐரிஷ் அங்கே உதவாது. அந்த மூன்றரை மணி நேரம் முழுவதும் சைகை, தீ, மாடுகள், ஆயுதங்களின் ஓசை. உரையாடல் இல்லாமல் ஐந்து அத்தியாயம். உருளைக்கிழங்கு இல்லை, நார்மன்கள் கொண்டுவந்த முயல் இல்லை, நாணயம் இல்லை, விலை பேசுவது கறவைமாட்டுக் கணக்கில்.

ஓகம் குச்சி

தம்பி தன் பெயரை ஒரு குச்சியில் வெட்டி நடையில் விட்டுச் செல்கிறான். எழுதுமுன் வெட்டிப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் பிழை எல்லாம் கையில்தான் தெரியும். 30 செ.மீ. நீளம், 3 செ.மீ. சதுரப் பைன் சட்டம், ஒரு சிறு கத்தி, பென்சில், அளவுகோல் போதும்.

ஓகத்தில் அசல் எழுத்து இருபது, ஐந்தைந்தாக நான்கு தொகுதி. சட்டத்தின் விளிம்பே நடுக்கோடு. வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து கோடு ஒரு தொகுதி, இடப்பக்கம் ஒன்று, விளிம்பைச் சாய்வாகக் கடப்பது ஒன்று, விளிம்பின் மேலேயே சிறு வெட்டுகள் உயிரெழுத்து. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். முதலில் தம்பிக்கு வைத்திருந்த பெயர் பேட்ரிக். அதன் முதல் ஒலிக்கு இந்த இருபதில் எழுத்தே கிடையாது. கொலும் என்று மாற்றினோம். க இடப்பக்கம் 4, ஒ விளிம்பில் 2, ல வலப்பக்கம் 2, உ விளிம்பில் 3, ம சாய்வாக 1. மொத்தம் 12 வெட்டு.

கோட்டுக்குக் கோடு 6 மி.மீ., எழுத்துக்கு எழுத்து 15 மி.மீ. வைத்தால் பெயர் 10 செ.மீ. சொச்சத்தில் முடியும். எழுத்து இடைவெளி கோட்டு இடைவெளியின் இரு மடங்குக்குக் கீழே போனால் அடுத்தடுத்த ஒரே தொகுதி எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும், 1ம் 2ம் சேர்ந்து 3 ஆகிவிடும். கொலுமில் அடுத்தடுத்து எந்த இரண்டும் ஒரே தொகுதியில் இல்லை, அதனால் பிழைத்தது. உயிர் வெட்டுகளை ஆழமாகப் போட்டால் பைன் விளிம்பு நார்நாராகப் பிளக்கும். 2 மி.மீ. ஆழம் போதும். வெட்டும்போது கத்தியை நாரின் குறுக்கே வைக்க வேண்டும்.

குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் என்னாகும் என்பதுதான் இந்தச் சோதனையின் பரிசு. வரிசை திரும்பும், வலம் இடமாகும். இடப்பக்க நாலு வலப்பக்க நாலாகி ‘க’ ‘ஸ’ ஆகும், ‘ல’ ‘த’ ஆகும். கொலும் ‘முதோஸ்’ ஆகிவிடும். நாயகி இரண்டு அத்தியாயம் முதோஸ் என்ற ஆளைத் தேடுகிறாள். மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தத் திருப்பம் கிடைத்திருக்காது.

கணக்கேடு, செலவு, அடுத்த முறை

பயன்பட்ட கருவிகள்: கட்டத்தாள், ஒரு விரிதாள், பைன் சட்டம். விரிதாளின் பத்திகள்: அத்தியாயம், ஆள், கைபேசி மணி, வெளியுலகத் தேதி, நிலா, உண்டாரா, கையில் என்ன, தலைக்கு மேல் என்ன. கடைசிப் பத்திதான் ஓகம் கல்லைத் தவறவிடாமல் காத்தது. இடங்களுக்கு 1830களில் தொடங்கி வரைந்த ஆறங்குல நில அளவை வரைபடங்கள் இணையத்தில் இலவசம். 1847இல் எந்தத் தடம் இருந்தது, எந்த வேலி இல்லை என்பது வரை அதில் தெரியும். வழக்காறுகளுக்கு, 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தொகுப்பு தூகஸ் தளத்தில் ஊர்வாரியாகக் கிடைக்கிறது. பணச்செலவு தாளுக்கும் மரத்துக்கும் மட்டும். உண்மையான செலவு சொற்களில்: 82,000 சொல் வரைவு 64,000க்கு இறங்கியது, அதில் பெரும்பகுதி நியூகிரேஞ்சும் 1741உம்.

அடுத்த முறை செய்வதானால் முதலில் இரவின் நீளத்தை எழுதிக்கொண்டு, அதற்குள் அடங்கும் நிறுத்தங்களை மட்டும் தேர்வேன். மூன்று காலமே அதிகம், இரண்டு போதும். பெயர்களைத் தொடக்கத்திலேயே ஒலிப்படி தமிழில் நிலைப்படுத்தி ஒரு தாளில் ஒட்டி வைப்பேன். நீவ், ஓஷீன், சாவின், மேவ், ஷீ என்று ஒரே சீராக வர மூன்றாம் வரைவுவரை ஆயிற்று. நடுவில் வேறு வேறு எழுத்தில் வந்த பெயர்களைத் தேடி மாற்றியதில் வீணான நேரம் பெரிது.

இன்னும் சரிசெய்யாத ஒரு பல் இருக்கிறது. 2020 இலையுதிர்காலத்தில் இருவரும் பள்ளியின் இடைமாற்ற ஆண்டில், அதாவது மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டில், இருக்கிறார்கள். கொலும் திரும்பும்போது அக்காள் ஐந்தாம் ஆண்டில். அவன் இடைமாற்ற ஆண்டைத் தொடக்கத்திலிருந்து படிப்பதா, அக்காளோடு உட்காருவதா? ஆவணங்களில் அவன் வயது பதினாறு. பள்ளி எந்த வயதை ஏற்கும் என்பதைக் கடைசி அத்தியாயம் இப்போது ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அதற்கு ஒரு முழுக் காட்சி வேண்டும், அது அடுத்த திருத்தத்தில்.